26 வருடம் கழித்துத் திரும்பி வந்த சீரியல்

பழைய சீரியலை மறுபடி போடுவது ஒன்று. அதே சீரியல் பல வருடம் கழித்துப் புதிதாகத் தொடர்வது இன்னொன்று.

முதலாவதில் யாருக்கும் சண்டை இல்லை. 2020 ஊரடங்கில், மார்ச் 28ஆம் தேதி முதல் தூர்தர்ஷன் ராமானந்த் சாகரின் ராமாயணத்தை மறு ஒளிபரப்பு செய்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஏப்ரல் 16ஆம் தேதி ஒரே நாளில் 7.7 கோடி பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் பெருமையோடு அறிவித்தது. 1987-ல் பார்த்தவர்களும் பார்த்தார்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் பார்த்தார்கள். திரையில் ராமனுக்கு அதே வயது, சீதைக்கு அதே வயது. பார்த்துக்கொண்டிருந்த நமக்குத்தான் தலை நரைத்திருந்தது.

இரண்டாவதுதான் வம்பு. அதே இயக்குநர், அதே ஊர், முடிந்தவரை அதே நடிகர்கள். ஆனால் நடுவில் கால் நூற்றாண்டு ஓடிப்போயிருக்கிறது. அப்படி ஒன்று திரும்பி வந்தால் ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். தொலைக்காட்சி வரலாற்றில் இதற்குப் பெரிய உதாரணம், அமெரிக்காவில் 1990-ல் தொடங்கி 1991-ல் பாதியில் நின்று, 2017-ல் திரும்பி வந்த 'ட்வின் பீக்ஸ்'. இயக்குநர் டேவிட் லிஞ்ச். 2025 ஜனவரியில் அவர் காலமான செய்தியைப் படித்த பிறகுதான் நான் அந்தத் தொடர் முழுவதையும் வரிசையாகப் பார்த்தேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? பார்த்து முடித்தபின், அந்த ஊர்ச் சண்டை நம் ஊர் விஷயமும்தான் என்று தோன்றியது. அதனால் இந்தப் பதிவு.

நம் வீட்டு உதாரணம்

முதலில் நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். கே.பாலசந்தரின் 'சிந்து பைரவி' 1985-ல் வந்தது. ஜே.கே.பி. என்ற கர்நாடக சங்கீத வித்வானாக சிவகுமார், மனைவி பைரவியாக சுலக்‌ஷணா, சிந்துவாக சுஹாசினி. இளையராஜாவுக்கும் சுஹாசினிக்கும் பாடகி சித்ராவுக்கும் அந்தப் படம் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. கடைசியில் சிந்து தன் குழந்தையை அந்தத் தம்பதியிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவாள். தியேட்டரை விட்டு வெளியே வந்தவர்கள் எல்லோர் மனதிலும் ஒரே கேள்வி: அந்தக் குழந்தை என்ன ஆகும்?

பதினெட்டு வருடம் கழித்து, 2003-ல், ஜெயா டிவியில் பாலசந்தரே அதற்குப் பதில் சொல்ல வந்தார். சீரியலின் பெயர் 'சஹானா'. அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவளாகியிருந்தாள். பாலசந்தர் எழுபதைத் தாண்டியிருந்தார். சிவகுமார் இல்லை, சுஹாசினி இல்லை. எங்கள் கம்பெனி பஸ்ஸில் இதை வைத்தே ஒரு வாரம் வாக்குவாதம் ஓடியது. "ஜே.கே.பி. என்றால் சிவகுமார்தான், வேறு யார் வந்தாலும் நான் பார்க்க மாட்டேன்" என்று ஒரு கட்சி. "அந்த முகம் போனால் என்ன, எழுதியவர் அதே ஆள்தானே, அவர் மனதில் இவ்வளவு நாள் என்ன ஓடியது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?" என்று இன்னொரு கட்சி. இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு கட்சியுமே 'சிந்து பைரவி'யை உயிராக நேசித்தவர்கள். பிடிக்காதவன் ஏன் சண்டை போடப்போகிறான்?

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பாலசந்தரின் மின் பிம்பங்கள் நிறுவனம் தயாரித்த 'மர்மதேசம்' தொடரையும் சொல்லியாக வேண்டும். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம். அதில் 'விடாது கருப்பு' வந்த நாட்களில் பி ஷிப்ட் போட்டால் பலருக்கு முகம் தொங்கிவிடும். ஒரு வாரம் தவறவிட்டால் மறுநாள் காலை யாரையாவது பிடித்துக் கதை கேட்க வேண்டும். குதிரையில் வருவது கருப்பசாமியா, மனிதனா என்று கேன்டீனில் விவாதம் நடக்கும். எங்களில் பாதிப் பேர் ஊரில் கருப்புக்குக் கிடா வெட்டி வளர்ந்தவர்கள். மற்றவர்கள் பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு, இதற்கெல்லாம் ஒரு காரணம் இருக்கும் என்று சொல்கிறவர்கள். அந்தத் தொடர் இரண்டு பேரையும் ஏமாற்றவில்லை. மனோதத்துவப்படி ஒரு விடை கொடுத்தது. சாமிக்கும் ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனது.

அதே நாகா 2024 அக்டோபரில் 'ஐந்தாம் வேதம்' என்ற வெப் சீரிஸ் எடுத்தபோது, 'மர்மதேசம்' பெயரைச் சொல்லித்தான் விளம்பரம் வந்தது. பழைய ரசிகர்கள் ஓடிப் போய்ப் பார்த்தோம். என் நண்பர்கள் வட்டத்தில் அன்றைக்கும் இரண்டு கட்சிதான். பழைய மாதிரி இல்லை என்றவர்கள் பாதி, பழைய மாதிரி ஏன் இருக்க வேண்டும் என்றவர்கள் பாதி. அடுத்த மாதமே இந்திரா சௌந்தர்ராஜன் காலமானார். வாதத்தை யாரும் தொடரவில்லை.

மரமில் ஊர்

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். 1990 ஏப்ரல் 8ஆம் தேதி ஏபிசி தொலைக்காட்சியில் 'ட்வின் பீக்ஸ்' தொடங்கியது. டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்டும் சேர்ந்து உருவாக்கியது. வாஷிங்டன் மாநிலத்தில், கனடா எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மரம் அறுக்கும் ஆலையை நம்பிப் பிழைக்கும் ஊர். ஒரு நாள் காலை லாரா பாமர் என்ற பள்ளி மாணவியின் உடல் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கரை ஒதுங்குகிறது. விசாரிக்க எஃப்.பி.ஐ. அதிகாரி டேல் கூப்பர் வருகிறார். நல்ல மனிதர். காபியை ரசித்துக் குடிப்பார், செர்ரி பை என்ற பழப் பணியாரத்தைப் பார்த்தால் குழந்தை மாதிரி சந்தோஷப்படுவார். துப்பு துலக்கக் கனவையும் நம்புவார்.

அந்தக் கனவில்தான் லிஞ்ச் தன் வேலையைக் காட்டினார். சுற்றிலும் சிவப்புத் திரைச்சீலை. கறுப்பு வெள்ளையில் நெளிநெளியாகத் தரை. அதில் ஒரு குள்ள மனிதர் ஆடுகிறார். பேச்சைத் தலைகீழாகப் பேசிப் பதிவு செய்து, அதைத் திருப்பி ஓட்டியதால், காதில் விழுவது மனிதப் பேச்சு மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கும் தொலைக்காட்சியில் அதுவரை யாரும் இப்படி எதையும் பார்த்ததில்லை. முதல் நாள் ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பேர் பார்த்தார்கள்.

எனக்குப் பிடித்தது அதன் டைட்டில். ஆஞ்சலோ படலமென்டியின் மெதுவான இசை. ஒரு பறவை. புகைபோக்கி. பிறகு ஆலைக்குள் ஓர் இயந்திரம் ரம்பத்தின் பற்களை ஒவ்வொன்றாகச் சாணை பிடிக்கிறது. தீப்பொறி பறக்கிறது, ரம்பம் ஒரு பல் நகர்கிறது, மறுபடி தீப்பொறி. மெயின்டனன்ஸில் முப்பது வருடம் இருந்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவன் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். ஆனால் ஊரே அதை நம்பித்தான் இருக்கிறது என்பது பார்க்கும்போதே தெரிந்துவிடும். அது செட் அல்ல, ஸ்னோக்வால்மி என்ற ஊரில் இருந்த உண்மையான மரமில்.

லாராவைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு விடையே சொல்லாமல் ஓட்ட வேண்டும் என்பதுதான் லிஞ்சின் ஆசை. அந்தக் கேள்விதான் பொன் முட்டையிடும் வாத்து என்று அவர் நினைத்தார். தொலைக்காட்சி நிறுவனம் விடவில்லை. 1990 நவம்பரில் விடையைச் சொல்ல வேண்டியதாயிற்று. யார் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை, பார்க்காதவர்கள் இருப்பீர்கள். வாத்தை அறுத்த பிறகு நடந்ததுதான் நடந்தது. பார்ப்பவர்கள் குறைந்தார்கள். சனிக்கிழமை இரவு என்ற மோசமான நேரத்துக்கு ஏற்கெனவே மாற்றியிருந்தார்கள். 1991 தொடக்கத்தில் வளைகுடாப் போர்ச் செய்திகள் வந்து பல வாரங்களை விழுங்கின. 1991 ஜூன் 10ஆம் தேதி கடைசிப் பகுதி வந்தது. நல்ல கூப்பர் அந்தச் சிவப்பு அறையிலேயே மாட்டிக்கொள்கிறார். அவர் உருவத்தில் ஒரு தீயவன் வெளியே வருகிறான். அவ்வளவுதான், முடிந்தது. அதற்கு முன் லாரா கூப்பரிடம், 25 வருடம் கழித்து மறுபடி சந்திப்போம் என்கிறாள்.

அதே 1991-ல் நம் ஸ்ரீபெரும்புதூர் எப்படி இருந்தது? ராமானுஜர் அவதரித்த தலம், பெங்களூர் போகும் வழியில் பஸ் நிற்கும் ஊர். மே 21ஆம் தேதி இரவு நடந்த குண்டுவெடிப்பில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது உலகம் முழுக்க இந்த ஊர்ப் பெயர் போனது. தொழிற்சாலைகள் பின்னால் வந்தவை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டியது 1996, முதல் கார் வெளியே வந்தது 1998. ஒரகடம் இன்றைய ஒரகடமானது அதற்கும் பத்து வருடம் கழித்து. வீட்டில் டிவி என்றால் தூர்தர்ஷன் மட்டும்தான். சன் டிவி வந்ததே 1993 ஏப்ரலில். ஆகவே ட்வின் பீக்ஸ் நமக்கு வந்து சேரவில்லை. அமெரிக்க ரசிகர்கள் 25 வருடம் காத்திருந்த அந்தக் காத்திருப்பு எனக்குக் கிடையாது. அந்த 25 வருடத்தில் ஓர் ஊர் என்ன ஆகும் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

திரும்பி வந்தது

2014 அக்டோபரில் அறிவிப்பு வந்தது: ட்வின் பீக்ஸ் திரும்புகிறது, கட்டணச் சேனலான ஷோடைமில். 2015 ஏப்ரலில், கொடுக்கும் பணம் போதாது என்று சொல்லி லிஞ்ச் விலகினார். நடிகர்கள் சேர்ந்து, அவர் இல்லாமல் இது வேண்டாம் என்று ஒரு வீடியோ வெளியிட்டார்கள். மே மாதம் சமாதானமாகி அவர் திரும்பி வந்தார். முதலில் 9 பகுதி என்றிருந்தது 18 ஆனது. பதினெட்டையும் அவரே இயக்கினார். தொடங்கிய நாள் 2017 மே 21. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தத் தேதியைக் கேட்டதும் வேறொன்றுதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது வெறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ரசிகர்கள் என்ன எதிர்பார்த்தார்கள்? கூப்பர் சிவப்பு அறையிலிருந்து வெளியே வருவார், ஒரு கோப்பை காபி குடிப்பார், கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார், தீயவனைப் பிடிப்பார். நியாயமான ஆசைதானே? லிஞ்ச் என்ன கொடுத்தார்? கூப்பர் வெளியே வருகிறார், ஆனால் லாஸ் வேகாஸில் டகி ஜோன்ஸ் என்ற இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் இடத்துக்கு வந்து சேர்கிறார். நினைவு இல்லை. எதிரில் இருப்பவர் சொன்ன கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வார், அவ்வளவுதான். மூன்றாவது பகுதியில் தொடங்கிய இந்த நிலை, பதினாறாவது பகுதி வரை போகிறது. என் மனைவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இவரை யாருமே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக மாட்டாங்களா?" என்று கேட்டாள். பத்தாவது பகுதியில் கூட்டிப் போகிறார்கள். உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிடுகிறார்.

ஏழாவது பகுதியில் ஊர் மதுக்கடையில் ஓர் ஆள் தரையைப் பெருக்குகிறார். இரண்டு நிமிடத்துக்கு மேல் பெருக்குகிறார். கேமரா நகரவே இல்லை. எட்டாவது பகுதி இன்னும் துணிச்சல். 1945 ஜூலை 16ஆம் தேதி நியூ மெக்சிகோ பாலைவனத்தில் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனை, கறுப்பு வெள்ளையில். கேமரா அந்தப் புகைக்குள்ளேயே நுழைந்து போகிறது. அதன் பிறகு வருவதற்குக் கதை என்று பெயர் சொல்ல முடியாது. இந்த உலகத்தில் தீமை எப்போது நுழைந்தது என்று ஒரு மனிதர் படமாகவே யோசித்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது. வசனம் மிகக் குறைவு. சாதாரண சீரியல் நேரத்தில் இது ஒளிபரப்பானது என்பதை நினைத்தால் இன்றும் ஆச்சரியம்தான்.

இரண்டு கட்சிகள்

கோபப்பட்டவர்களின் வாதத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அவர்களைத்தான் பெரும்பாலும் ரசனை தெரியாதவர்கள் என்று ஒதுக்கினார்கள். அவர்கள் சொன்னது: 26 வருடம் காத்திருந்தோம். இந்தத் தொடரை மறந்துவிடாமல் உயிரோடு வைத்திருந்ததே நாங்கள்தான். பழைய தொடரில் பயமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது, ஊர் மக்கள் மேல் ஒரு பாசமும் இருந்தது. அதில் பாசத்தைக் குறைத்துவிட்டு மர்மத்தை மட்டும் கூட்டினால் எப்படி? ஆட்ரி என்ற பெண் எங்களுக்கு எவ்வளவு முக்கியம், அவளைப் பன்னிரண்டாவது பகுதியில்தான் காட்டுகிறீர்கள். கூப்பரை ஏறத்தாழ கடைசி வரை கொடுக்கவில்லை. இது ரசிகனைக் கேலி செய்வது ஆகாதா?

மற்ற கட்சி சொன்னது: பழையதையே திரும்பச் செய்வதற்கு லிஞ்ச் எதற்கு, யார் வேண்டுமானாலும் செய்யலாமே. ஒரு கலைஞன் 26 வருடம் யோசித்ததைக் கொண்டுவந்து கொடுக்கிறான், வாங்கிக்கொள்ளுங்கள். பிரான்சின் புகழ்பெற்ற சினிமா இதழான 'கையே து சினிமா' 2017ஆம் ஆண்டின் சிறந்த படம் என்று இந்தத் தொடரைத் தேர்ந்தெடுத்தது. பிறகு பத்தாண்டுகளின் சிறந்த படம் என்றும் இதையே சொன்னது. அதிலிருந்து இன்னொரு சண்டை கிளம்பியது: டிவியில் வாராவாரம் வந்ததை எப்படிச் சினிமா என்று சொல்லலாம்?

இரண்டு பக்கமும் கேட்டபின் எனக்கு ஒன்று தெளிவானது. இது நன்றாக இருக்கிறதா, இல்லையா என்ற சண்டை அல்ல. ஒரு கட்சி பழைய வீட்டைப் பார்க்க வந்தது. மற்ற கட்சி அந்த வீட்டில் இருந்த மனிதரைப் பார்க்க வந்தது. சஹானா வந்தபோது எங்கள் பஸ்ஸில் நடந்ததும் இதேதான்.

ஆலை எங்கே?

புதிய தொடரின் டைட்டிலைப் பார்த்தபோது எனக்கு மனது என்னவோ செய்தது. அதே இசை. மலை, பனிமூட்டம், அருவி, சிவப்புத் திரை. ஆனால் ரம்பம் சாணை பிடிக்கும் அந்த இயந்திரம் இல்லை. தீப்பொறி இல்லை. ஸ்னோக்வால்மி மரமில் 2003-ல் மூடப்பட்டுவிட்டது. ஆலையை நம்பியிருந்த ஊரில் ஆலை இல்லை. இதை ஒரு வசனத்தில்கூடச் சொல்லவில்லை. டைட்டிலில் இல்லாமல் போனதே சொல்லிவிட்டது.

நிறைய ரசிகர்கள் இதைக் கவனித்தார்களா தெரியாது. ஸ்ரீபெரும்புதூர்க்காரன் கவனிக்காமல் இருக்க முடியாது. 2006-ல் இங்கே நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் பெண் பிள்ளைகள், பிளஸ் டூ முடித்துவிட்டு, முதல் சம்பளம் வாங்கியது அங்கேதான். விடியற்காலையில் அவர்களை ஏற்றிப் போகும் பஸ் வரிசையைப் பார்த்துத்தான் நாங்கள் மணி சொல்வோம். 2014 நவம்பர் 1ஆம் தேதி ஆலை மூடியது. சில வருடம் அந்த வளாகம் இருட்டில் கிடந்தது. பிறகு சால்காம்ப் நிறுவனம் வாங்கி, 2020-ல் செல்போன் சார்ஜர் தயாரிக்க ஆரம்பித்தது. விளக்கு எரிகிறது, பஸ் போகிறது. மறுபடி உயிர் வந்துவிட்டது என்று சொல்லலாமா? வேலை கிடைத்தவர்கள் ஆமாம் என்பார்கள், அது சரிதான். 2014-ல் வெளியே அனுப்பப்பட்டு, கல்யாணமாகி, வேறு ஊர் போய்விட்ட பெண்ணைக் கேட்டால் வேறு பதில் வரும். அதுவும் சரிதான். கட்டடம் அதே, காலம் வேறு.

லாஸ் வேகாஸ் காட்சிகளும் அப்படித்தான். டகி வருவது ஒரு புது வீட்டுமனைப் பகுதிக்கு. வரிசையாக வீடுகள், ஆள் இல்லை, விற்பனைப் பலகை மட்டும் நிற்கிறது. ஒரகடம் சாலையில் கொடி கட்டிய மனைப்பிரிவுகளை, நடுவில் ஒற்றை ஆர்ச்சும் பாம்பு ஊரும் தார் ரோடும் உள்ள மனைப்பிரிவுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த அமெரிக்கத் தெரு அந்நியமே இல்லை.

லிஞ்ச் ரசிகனைக் கேலி செய்யவில்லை என்று நான் நினைப்பது இதனால்தான். நீங்கள் திரும்ப ஆசைப்படும் ஊர் இப்போது இப்படி இருக்கிறது என்று காட்டினார். அதைப் பார்த்துக் கோபம் வந்தவர்களையும் நான் தப்பு சொல்ல மாட்டேன். சொந்த ஊர் ஏரி பிளாட் ஆகியிருப்பதைப் பார்த்தால் கோபம் வராமல் என்ன வரும்? அவர்கள் தொடரைப் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்வது அநியாயம். அதில் இருந்த வலி அவர்களுக்குத்தான் நேராகப் பட்டது.

இது என்ன வருடம்?

இனி முடிவைச் சொல்கிறேன். பார்க்க நினைப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

கடைசிப் பகுதி 2017 செப்டம்பர் 3ஆம் தேதி வந்தது. கூப்பர் காலத்தில் பின்னோக்கிப் போய், லாரா கொல்லப்படாமல் காப்பாற்றப் பார்க்கிறார். பிறகு வேறோர் ஊரில் லாரா மாதிரியே இருக்கும் நடுவயதுப் பெண்ணைக் கண்டுபிடிக்கிறார். அவளுக்கு வேறு பெயர். லாராவை அவளுக்குத் தெரியாது. அவளைக் காரில் ஏற்றி, இரவு முழுக்க ஓட்டி, லாராவின் பழைய வீட்டு வாசலுக்குக் கூட்டி வருகிறார். கதவைத் தட்டினால் யாரோ ஒரு பெண் திறக்கிறார். லாரா குடும்பமா, அப்படி யாரையும் தெரியாதே என்கிறார். படப்பிடிப்பு நடந்த அந்த வீட்டின் நிஜமான சொந்தக்காரரே அந்தப் பாத்திரத்தில் நடித்தார். கதை தன் வீட்டுக்குத் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறது, நிஜ வாழ்க்கை கதவைத் திறந்து, நீங்கள் யார் என்று கேட்கிறது.

கூப்பர் தெருவில் தடுமாறி நின்று, இது என்ன வருடம் என்று கேட்கிறார். அந்தப் பெண் அலறுகிறாள். வீட்டு விளக்குகள் அணைகின்றன. முடிந்தது.

இதற்கு விளக்கம் தேடி எத்தனையோ பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நான் விளக்கம் தேடவில்லை. எந்தத் தொழிற்பேட்டைக்கும் போய்ப் பத்து வருடம் முன்பு இருந்த கம்பெனி வாசலில் நின்று பாருங்கள். செக்யூரிட்டி மாறியிருப்பார், பெயர்ப்பலகை மாறியிருக்கும். யாரைப் பார்க்க வேண்டும் சார் என்று மரியாதையாகத்தான் கேட்பார். பதில்தான் நம்மிடம் இருக்காது.

மரக்கட்டை அம்மாள்

இந்தத் தொடரில் எல்லாக் கட்சியும் ஒத்துக்கொண்ட ஒரு விஷயம் உண்டு. அதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை.

பழைய தொடரில் மார்கரெட் என்று ஒரு பெண்மணி. எப்போதும் ஒரு மரக்கட்டையைக் குழந்தை மாதிரி கையில் வைத்திருப்பார், அது தன்னிடம் பேசுகிறது என்பார். ஊரில் பலருக்கு அவர் வேடிக்கைப் பொருள். நடித்தவர் கேத்தரின் கோல்சன். புதிய தொடருக்குப் படப்பிடிப்பு ஆரம்பித்தபோது அவர் புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தார். அவர் காட்சிகளை அவர் வீட்டிலேயே எடுத்தார்கள். சில நாட்களில், 2015 செப்டம்பர் 28ஆம் தேதி, காலமானார்.

திரையில் அந்தப் பெண்மணி உதிர்ந்துபோன தலைமுடியோடு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, மடியில் மரக்கட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். ஊர்க் காவல்துறையில் இருக்கும் ஹாக் என்ற பழைய நண்பருக்கு இரவில் போன் செய்கிறார். பதினைந்தாவது பகுதியில், தான் இறந்துகொண்டிருப்பதை அவரிடம் சொல்லி விடைபெறுகிறார். மறைப்பு எதுவும் இல்லை. மேக்கப் போட்டு இளமையாகக் காட்ட யாரும் முயலவில்லை. ஹாக் போனை வைத்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டுச் செய்தியைச் சொல்கிறார். அந்தப் பகுதியை மார்கரெட் நினைவுக்கே சமர்ப்பித்திருந்தார்கள்.

மறு ஒளிபரப்பில் இது கிடைக்காது. மறு ஒளிபரப்பில் யாரும் சாவதில்லை, யாருக்கும் வயதாவதில்லை, அதனால்தான் அது ஆறுதல். திரும்பி வருகிற கதை, போனவர்களையும் போய்க்கொண்டிருப்பவர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் வர முடியும். லிஞ்ச் எடுத்துக்கொண்டார். எழுபதைத் தாண்டிய வயதில் இருவருமே ஒரு பழைய கதவைத் தட்டப் போனார்கள், பாலசந்தர் நம் ஊரில், லிஞ்ச் அங்கே. கதவு பழைய மாதிரி திறக்காது என்பது இருவருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தேதான் போனார்கள்.

என் மனைவி மற்ற பகுதிகளை விட்டுவிட்டாள். அந்தப் போன் காட்சியை மட்டும் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினேன். கதை எதுவும் தெரியாமலேயே பார்த்தாள். முடிந்ததும், "யாருக்காவது போன் பண்ணணும்னு தோணுது" என்றாள். அன்றைக்கு இரவே திருவண்ணாமலையில் இருக்கும் தன் பெரியம்மாவிடம் முக்கால் மணி நேரம் பேசினாள்.